ஒரகடத்துப் பள்ளிகளில் தமிழ்வழி வகுப்பு மூடப்படக் கூடாது

தொழிற்சாலைச் சுவரில் ஒட்டப்படும் அறிவிப்பு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தெளிவாகவே சொன்னது. அதன் 108-வது பிரிவின்படி, சட்டப்படி வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தால் மட்டும் போதாது; அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலானோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். புரியாத மொழியில் எழுதி ஒட்டிவிட்டு, ‘நாங்கள் சொல்லிவிட்டோம்’ என்று நிர்வாகம் கைகழுவிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் வளர்ந்த மனிதர்களுக்குச் சட்டம் காட்டிய இந்தக் கரிசனம், அதே ஆலைகளின் மதிலுக்கு வெளியே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் உட்காரும் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளை அது. அம்மாவும் அப்பாவும் ஷிப்ட் மாறி மாறி வேலைக்குப் போகிறவர்கள். அந்தப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் ஆங்கிலவழியில் உட்காரவைக்கிறோம். அதைச் சமூக நீதி என்றும் நம்புகிறோம்.

இந்தத் தொழில் வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு அரசுத் தொடக்கப் பள்ளியிலும் தமிழ்வழிப் பிரிவு இருந்தாக வேண்டும். பதிவேட்டில் பெயருக்கு இருந்தால் போதாது. தனக்கென்று ஆசிரியரும் அறையும் புத்தகமும் கொண்ட பிரிவாக இருக்க வேண்டும். முதல் ஐந்து வகுப்புகளில் கணக்கும் அறிவியலும் சமூகமும் தமிழில் நடக்க வேண்டும். ஆங்கிலத்தை, இன்று நடத்துவதைவிடப் பல மடங்கு நன்றாக, ஒரு மொழிப்பாடமாக நடத்த வேண்டும். நான் கேட்பது இதைத்தான்.

தமிழ்நாட்டில் மொழி பற்றிப் பேசும்போதெல்லாம் நமக்கு இந்தி எதிர்ப்புப் போராட்டமும், 1968-ல் சட்டப்பேரவையில் அண்ணா கொண்டுவந்த இருமொழித் தீர்மானமும் நினைவுக்கு வரும். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் பள்ளியில் எந்தெந்த மொழிகளைக் கற்பிப்பது என்ற கேள்விக்குத்தான் அந்தத் தீர்மானம் விடை தந்தது. பாடங்களை எந்த மொழியில் கற்பிப்பது என்ற கேள்வி நம் கண் எதிரிலேயே நழுவிப்போனது. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பெருகின. ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோதான் பயிற்றுமொழி என்று 1999-ல் அரசு பிறப்பித்த ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2000-ல் ரத்துசெய்தது. கர்நாடக வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றமும், தொடக்கப் பள்ளிகளில் தாய்மொழிவழியைக் கட்டாயப்படுத்த அரசுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. இதற்கிடையே 2012-13 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டு அரசே தன் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருமளவில் திறக்கத் தொடங்கியது. தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைத் தக்கவைக்க வேறு வழி தெரியவில்லை என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம்.

நீதிமன்றங்கள் தடுத்தது கட்டாயப்படுத்துவதைத்தான். விரும்பிக் கேட்கும் பெற்றோருக்கு நல்ல தமிழ்வழி வகுப்பைத் தருவதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 29-வது பிரிவு, இயன்றவரை குழந்தையின் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. அந்த ‘இயன்றவரை’ என்ற சொல்லுக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொண்டிருக்கிறோம்.

ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். அதே சட்டத்தின்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்புகள் 5. தமிழ்வழி, ஆங்கிலவழி என்று இரண்டாகப் பிரித்தால் 10 குழுக்கள். 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளை வகுப்பால் மட்டும் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையாலும் பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது, நல்ல திட்டம்தான். ஆனால் 2 பேர் எத்தனை குழுக்களைத்தான் பார்க்க முடியும்? ஒருவர் பயிற்சிக்கோ, எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றவோ, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போய்விட்டால் மிச்சம் ஒருவர். ஆங்கிலவழிப் பிரிவுகள் பெரும்பாலும் இருக்கிற ஆசிரியர்களைக் கொண்டே நடக்கின்றன. அவர்களில் மிகப் பலர் தமிழ்வழியில் படித்து, தமிழ்வழியில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள். குறை அவர்களுடையது அல்ல.

அதனால் வகுப்பறையில் நடப்பது இதுதான். ஆசிரியர் பாடத்தைத் தமிழில் விளக்குகிறார்; பிள்ளைக்குப் புரிகிறது; முகம் மலர்கிறது. பிறகு கேள்வி-பதிலைக் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதுகிறார். பிள்ளை அதைப் பார்த்து எழுதுகிறது, மனப்பாடம் செய்கிறது. புரிந்தது ஒரு மொழியில், எழுதுவது வேறொரு மொழியில். ‘தாவரம் எப்படி உணவு தயாரிக்கிறது, உன் சொந்தச் சொற்களில் சொல்’ என்று கேட்டால், சொந்தச் சொற்கள் இருக்கும் மொழியில் பதில் எழுத அதற்கு அனுமதி இல்லை. அனுமதி உள்ள மொழியில் சொந்தச் சொற்கள் இல்லை. மூன்றாம் வகுப்பு முடிக்கும்போது அந்தப் பிள்ளை தமிழைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிறது, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டுகிறது, கணக்கு என்றால் மிரள்கிறது. ‘இங்கிலீஷ் மீடியத்துலதான் போட்டிருக்கோம், ஏன் வர மாட்டேங்குது?’ என்று பெற்றோர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் தைரியம் நம் கல்வித் துறைக்கு இன்னும் வரவில்லை.

பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. ஒரகடம் கூட்டுச் சாலையில் நின்று பார்த்தால் அவர்கள் அச்சம் புரியும். ஏர் ஓட்டிய நிலத்தில் ஆலை நிற்கிறது. நிலம் போன குடும்பத்துக்கு மிச்சம் இருக்கும் ஒரே சொத்து பிள்ளையின் படிப்பு. அந்த ஆலைக்குள் காண்ட்ராக்ட் தொழிலாளியாக நிற்கும் தகப்பன், கண்ணாடி அறைக்குள் இருப்பவர்கள் ஆங்கிலத்தில் பேசுவதைத் தினமும் பார்க்கிறான். தன்னையும் அந்த அறையையும் பிரிப்பது ஆங்கிலம்தான் என்று அவன் முடிவுக்கு வருவதில் வியப்பில்லை. மகளாவது அந்தக் கண்ணாடிக்கு உள்ளே உட்காரட்டும் என்று நினைக்கிறான். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். அது நிறைவேற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஆலைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்தாலே ஒரு பதில் கிடைக்கும். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்யும் ஹூண்டாயும், ஸ்ரீபெரும்புதூரின் சாம்சங்கும் கொரியாவிலிருந்து வந்தவை. ஒரகடத்தின் கோமாட்சுவும், வல்லம் வடகாலின் யமஹாவும் ஜப்பானியர்களுடையவை. பாரத்பென்ஸ் லாரி செய்யும் டைம்லர் ஜெர்மனியுடையது. செயின்ட் கோபைன் பிரான்சுடையது. இந்த நாடுகளின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கணக்கையும் இயற்பியலையும் கற்பது கொரிய மொழியில், ஜப்பானிய மொழியில், ஜெர்மனில், பிரெஞ்சில். ஆங்கிலத்தை அவர்கள் இரண்டாவது மொழியாகக் கற்று, தேவைப்படும்போது பயன்படுத்துகிறார்கள். ‘அவர்கள் நாட்டில் வேலையும் அந்த மொழியில்தானே கிடைக்கிறது, இங்கே அப்படியா?’ என்று கேட்கலாம். சரியான கேள்வி. இங்கே ஆங்கிலம் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் இயந்திரத்தைப் புரிந்துகொள்ளும் அறிவு ஆங்கிலத்திலிருந்து வருவதில்லை என்பதற்கு இந்த வட்டாரத்தைவிடப் பெரிய சான்று வேறெங்கும் கிடையாது. அறிவு தன் மொழியில் வேர்பிடித்த பிறகு ஆங்கிலம் கற்பது எளிது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றினால் இரண்டுமே நிற்பதில்லை.

கொரியா வரை போக வேண்டாம். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உயர்தர வகுப்பு வரை பௌதிகவியலையும் இரசாயனவியலையும் உயிரியலையும் இணைந்த கணிதத்தையும் தமிழில் படிக்கிறார்கள். தமிழிலேயே தேர்வு எழுதி, மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போட்டியிட்டு இடம் பிடிக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள், முதல் வருடம் சிரமப்படுகிறார்கள், பிறகு தேறிவிடுகிறார்கள். போர் நடந்த காலத்திலும் இது நின்றுபோகவில்லை. அந்த மண்ணில்தான் 1860-களில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, அதற்கான பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளில் ஆறாண்டுத் தொடக்கக் கல்வி இன்றும் தமிழில் நடக்கிறது. அதன் பிறகு பிள்ளைகள் மலாய்வழி இடைநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். தமிழர் சிறுபான்மையாக இருக்கும் நாடுகளில் இது நடக்கிறது. தமிழர் ஆளும் மாநிலத்தில் இதையே கேட்டால் நடைமுறைக்கு ஒவ்வாத ஆசை என்கிறார்கள்.

பள்ளி ஒரு மொழியை எப்படி அழிக்கும், எப்படி மீட்கும் என்பதற்கு உலகம் பார்த்த தெளிவான பாடம் ஹவாய். பசிபிக் பெருங்கடலில் தனி அரசாக இருந்த அந்தத் தீவுகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுத்தறிவு வியக்கத்தக்க அளவில் பரவியிருந்தது. ஹவாய் மொழியில் ஏராளமான செய்தித்தாள்கள் வெளிவந்தன. 1893-ல் அரசி லிலியுவொகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1896-ல், அரசுப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. 1898-ல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதன்பின் பள்ளியில் தாய்மொழி பேசியதற்குத் தண்டனை வாங்கிய பிள்ளைகள், தாங்கள் பெற்ற பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசவில்லை. 1980-களின் தொடக்கத்தில், ஹவாய் மொழி சரளமாகப் பேசும் 18 வயதுக்குட்பட்டோர் 50 பேர்கூட இல்லை என்று கணக்கிட்டார்கள்.

1978-ல் ஹவாய் மொழி மாநில அரசமைப்பில் ஆட்சிமொழியானது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் தங்கள் மொழியை மழலையருக்குப் பழக்க 1982-ல் தொடங்கிய மொழிக்கூடுகளைப் பார்த்து, பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து ‘பூனானா லேயோ’ என்ற மழலையர் பள்ளிகளை 1984-ல் தொடங்கினார்கள். பள்ளியில் தங்கள் மொழியில் கற்பிக்கத் தடையாக இருந்த பழைய சட்டமே அப்போதும் உயிரோடு இருந்தது. 1986-ல் அதை மாற்றவைத்தார்கள். 1987-ல் அரசுப் பள்ளிகளிலேயே முழுக்க ஹவாய் மொழியில் கற்பிக்கும் ‘கையாபுனி’ வகுப்புகள் தொடங்கின. அவற்றில் ஆங்கிலம் ஒரு பாடமாக நுழைவது பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பில்தான், நாளுக்கு ஒரு மணி நேரம். மழலை வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை இப்படிப் படித்த முதல் அணி 1999-ல் வெளியே வந்தது.

ஹவாயும் தமிழ்நாடும் ஒன்றல்ல. அங்கே பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம் பேசிக்கொண்டு, இழந்த மொழியை மீட்கப் பள்ளிக்குப் போகிறார்கள். இங்கே பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு, அதை ஓரங்கட்டப் பள்ளிக்குப் போகிறார்கள். கோடிக்கணக்கானோர் பேசும் தமிழ் நாளைக்கே அழிந்துவிடும் என்று நான் பயம் காட்டவில்லை. ஹவாயிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. லானாய் என்ற சின்னத் தீவில் ஹவாய்வழி வகுப்பு நடத்த ஆசிரியர் கிடைக்கவில்லை என்று கல்வித் துறை சொன்னபோது, ஒரு தாய் தன் பெண்களுக்காக வழக்குப் போட்டார். ஹவாய் மொழிவழிக் கல்வி கிடைப்பதற்கு நியாயமான எல்லா முயற்சிகளையும் எடுப்பது மாநிலத்தின் அரசமைப்புக் கடமை என்று 2019-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில ஆயிரம் பேரே வாழும் தீவு அது. ஆசிரியர் இல்லை என்றால் ஆசிரியரைத் தேடு, வீட்டு வசதி கொடு, வேறு வழி கண்டுபிடி என்பதே அந்தத் தீர்ப்பின் திசை. மாணவர்களின் அறிவை அளக்க ஆங்கிலத் தேர்வை மொழிபெயர்த்துக் கொடுப்பது சரியில்லை என்று உணர்ந்து, ஹவாய் மொழியிலேயே தேர்வுகளையும் உருவாக்கினார்கள். தமிழ்வழிப் பிரிவில் ‘போதிய சேர்க்கை இல்லை’ என்ற ஒற்றை வரியோடு கோப்பை மூடிவிடும் நம் பழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சேர்க்கை ஏன் குறைகிறது? பெற்றோரிடம் முழு விவரத்தைச் சொல்வதே இல்லை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நேரடி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் அது திருத்தப்பட்டு, பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ்வழியில் முடித்திருக்க வேண்டும் என்றானது. அதாவது, ஐந்து வயதுப் பிள்ளைக்கு விண்ணப்பத்தில் ‘ஆங்கிலவழி’ என்று போடும் ஒரு டிக், அந்தப் பிள்ளை பின்னாளில் குரூப் தேர்வு எழுதும்போது அந்த 20 சதவீதக் கதவைச் சாத்திவிடுகிறது. அரசு ஒரு கையால் தமிழ்வழிக்கு முன்னுரிமை கொடுத்து, மறு கையால் அதே பிள்ளையை ஆங்கிலவழிக்கு அனுப்புகிறது. சேர்க்கை நாளன்று இதை எடுத்துச் சொல்லும் ஒரு துண்டறிக்கைகூடப் பள்ளி வாசலில் தரப்படுவதில்லை.

அரசு வேலையைவிட ஆலை வேலையைத்தான் இங்குள்ள பெற்றோர் அதிகம் நினைக்கிறார்கள். எனவே ஆலைகளும் பொறுப்பேற்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. சேர்க்கை குறைவு என்று 2023-ல் உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. தமிழ்வழியில் மெக்கானிக்கல் படித்தவரின் முதல் நேர்காணலைத் தமிழில் நடத்தத் தயார் என்று ஒரகடத்தின் நான்கு பெரிய ஆலைகள் வெளிப்படையாக அறிவிக்கட்டும். அந்த வகுப்புகளின் நிலை மாறத் தொடங்கும். ஆலையின் லைனில் பேசப்படுவது தமிழ்தானே? டை, ஃபிக்ஸ்சர், டார்க், ரிஜெக்‌ஷன் என்ற சொற்களை நடுவில் போட்டுக்கொண்டு, பழுதைக் கண்டுபிடிப்பதும் புதியவருக்குக் கற்றுக்கொடுப்பதும் விபத்தைத் தடுப்பதும் தமிழில்தான் நடக்கின்றன. நேர்காணல் அறைக்குள் மட்டும் அந்த மொழி திடீரென்று தகுதியிழந்துவிடுகிறது.

பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம். அந்தப் பணத்தை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்க்க, 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற அமைப்பையும் தமிழ்நாடு அரசு தொடங்கியது. ஆலைகள் கழிப்பறை கட்டுகின்றன, பெயிண்ட் அடிக்கின்றன, ஸ்மார்ட் போர்டு தருகின்றன. நல்ல காரியங்கள்தான். தமிழ்வழிப் பிரிவுக்கென்று ஓர் ஆசிரியரின் ஊதியத்தையும், இரண்டு பிரிவுகளுக்கும் பொதுவாக ஆங்கிலத்தைப் பேச்சுமொழியாகக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரின் ஊதியத்தையும் அவை ஏற்றுக்கொள்ளட்டும். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் அச்சமின்றி நான்கு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசிவிட்டால், பெற்றோரின் பயம் பாதி போய்விடும். ஆங்கிலவழிப் பிரிவுக்கு வெளியே நல்ல ஆங்கிலம் கிடைக்காது என்ற நிலைதான் தமிழ்வழிக்கு உண்மையான எதிரி.

இவ்வளவும் தமிழ்ப் பிள்ளைக்காக. ஆனால் மாத்தூர், வல்லம், ஒரகடம் பக்கம் தகரக் கூரைக் குடியிருப்புகளில் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கக் குடும்பங்களின் பிள்ளைகள் வளர்கிறார்கள். தாய்மொழிக்காக நாம் எழுப்பும் வாதம் உண்மையானது என்றால், அது அவர்களுக்கும் பொருந்தியாக வேண்டும். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350-அ பிரிவு 1956 முதல் சொல்லி வருகிறது. ஒடியா பேசும் பிள்ளைக்குத் தமிழ்வழியும் ஆங்கிலவழியும் ஒன்றேபோல் அந்நியம். பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையை ‘மந்தம்’ என்று பதிவு செய்வது நாம் செய்யும் அநீதி.

வழிகள் உண்டு. ஒடிசா அரசு 2006-07 முதல் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அவரவர் மொழியில் தொடங்கி ஒடியாவுக்கு அழைத்துச் செல்லும் பள்ளிகளை நடத்துகிறது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 2017-ல் ‘ரோஷ்னி’ திட்டத்தைத் தொடங்கியது. ஒடியா, வங்காளம், இந்தி தெரிந்த தன்னார்வலர்கள் வகுப்பறையில் ஆசிரியரோடு நின்று, பிள்ளையின் மொழியிலிருந்து மலையாளத்துக்குப் பாலம் போட்டார்கள். நம் பள்ளிக்கல்வித் துறையும் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் முயற்சியைத் தொடங்கியிருக்கிறது; வரவேற்கிறேன். ஆனால் தமிழை மட்டும் கற்பித்தால் போதாது. முதல் இரண்டு ஆண்டுகளாவது, ‘தாகமாக இருக்கிறது’ என்று அந்தப் பிள்ளை தன் மொழியில் சொன்னால் புரிந்துகொள்ளும் ஒருவர் வகுப்பறையில் இருக்க வேண்டும்.

அந்த ஒருவரைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்து, கணவனோடு ஒரகடம் வந்து, சில ஆண்டுகளில் தமிழ் பேசப் பழகிக்கொண்ட ஒடியாப் பெண்கள் அதே குடியிருப்புகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டு வகுப்பறை உதவியாளராக எடுத்துக்கொள்ளலாம். ஊதியத்தை, அவள் கணவன் வேலை செய்யும் ஆலையின் சமூகப் பொறுப்பு நிதியே தரலாம். ஜூன் மாதச் சேர்க்கைக்கு முன், காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகம் ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் வட்டாரங்களின் தலைமையாசிரியர்களையும் ஆலை நிர்வாகங்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசினால், இந்த நியமனமும் தமிழ்வழிப் பிரிவுக்கான ஆசிரியர் நியமனமும் ஒரே கூட்டத்தில் முடிவாகிவிடும்.